பாடசாலையின் காப்புறுதி பிள்ளைக்கானது அல்ல

மெல்பேர்ண் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி 2012இல் தன் பாடசாலையோடு நியூயோர்க் போக இருந்தாள். பயணச் செலவு கட்டியாயிற்று. பயணக் காப்புறுதியும் எடுத்தாயிற்று. அதன் பிறகுதான் அவளுக்கு மனச்சோர்வு நோய் வந்தது. அதற்கு முன் அப்படியொரு நோய் அவளுக்கு இருந்ததில்லை. எதையும் மறைத்துக் காப்புறுதி எடுக்கவில்லை. போகக்கூடிய நிலையில் இல்லாததால் பயணத்தை ரத்துச் செய்துவிட்டு, கட்டிய பணத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டார்கள். கியூ.பி.ஈ. என்ற அந்த நிறுவனம் மறுத்தது. மனநோய் தொடர்பான கோரிக்கை எதற்கும் பணம் இல்லை என்று பொலிசியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைத்தான் அது காட்டியது.

வழக்கு விக்ரோரியாவின் சிவில் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அந்த மறுப்பு சம வாய்ப்புச் சட்டத்துக்கு மாறான பாகுபாடு என்று 2015 டிசெம்பரில் தீர்ப்பு வந்தது. பணநட்டத்துக்கு 4,292 டொலர் 48 சதம், பட்ட வேதனைக்கு 15,000 டொலர். நல்ல தீர்ப்பு. பின்னால் வந்தவர்களுக்கும் அது வழி திறந்தது. ஆனால் நாலாயிரத்துச் சொச்சம் டொலருக்காக, ஏற்கனவே நோயோடு இருந்த ஒரு பிள்ளை வருடக்கணக்கில் ஒரு பெரிய நிறுவனத்தோடு இழுபட வேண்டியிருந்தது. அதே மாதிரியான வரியை வைத்து வேறு நிறுவனங்களும் பொலிசி விற்றுவந்ததை விக்ரோரிய மனித உரிமை ஆணைக்குழு விசாரித்து 2019இல் அறிக்கை வெளியிட்டது.

சிட்னியின் மேற்கே வென்ட்வேர்த்வில், பெண்டில் ஹில், டூங்காபி, ஜிராவீன் பக்கத்துத் தமிழ் வீடுகளில் விஷயம் பெரும்பாலும் பொலிசியைப் படிக்கிற இடம்வரைகூடப் போவதில்லை. கன்பராவுக்கோ பாதர்ஸ்டுக்கோ ஜிண்டபைன் பனிமலைக்கோ போவதற்கான அறிவித்தல் இப்போது தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. தாய் வேலையில் இருப்பார், தகப்பன் ரயிலில் இருப்பார். காசைக் கட்டி, சம்மதம் என்ற இடத்தை விரலால் தொட்டால் முடிந்தது. காப்புறுதி பற்றி ஏதாவது எழுதியிருந்தால், அது கொண்டுபோக வேண்டிய உடுப்புப் பட்டியலுக்கும் கீழே, கடைசிப் பந்தியில் கிடக்கும். யாராவது கேட்டால், "ஸ்கூலுக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே" என்பதுதான் பதில்.

இருக்கிறது. ஆனால் அது பாடசாலையின் சட்டப் பொறுப்புக்கான காப்புறுதி. பிள்ளையின் காயத்துக்கான காப்புறுதி வேறு.

நியூ சவுத் வேல்ஸ் அரச பாடசாலைகள், ட்ரெஷரி மனேஜ்ட் ஃபண்ட் என்ற மாநில அரசின் சொந்தக் காப்புறுதி நிதியத்துக்குள் வருகின்றன. அதை ஐகேர் என்ற மாநில அரச நிறுவனம் நிர்வகிக்கிறது. பாடசாலையின் கவனக்குறைவால்தான் பிள்ளை காயப்பட்டது என்று நிறுவப்பட்டால் அந்த நிதியம் பணம் கொடுக்கும். பிள்ளை தானாகக் கால் தடுக்கி விழுந்தாலோ, கட்டிலின் மேல்தட்டிலிருந்து குதித்துக் கையை முறித்துக்கொண்டாலோ, கூடப் படிக்கிறவன் எறிந்த பந்து பல்லில் பட்டாலோ, ஆசிரியர்கள் செய்யவேண்டியதைச் செய்திருந்தால், கொடுக்கவேண்டிய கடமை அதற்கு இல்லை. மாணவர்களுக்கென்று பொதுவான தனிநபர் விபத்துக் காப்புறுதி எதையும் கல்வித் திணைக்களம் வைத்திருக்கவில்லை. விக்ரோரியாவிலும் அப்படித்தான். அங்கே அரச பாடசாலைக் காம்ப் படிவங்களில், விபத்துக் காப்புறுதியும் அம்புலன்ஸ் செலவும் பெற்றோரின் பொறுப்பு என்று எழுதியே கொடுக்கிறார்கள்.

ஒரு சின்ன விதிவிலக்கு உண்டு. பாடசாலை நடத்தும் விளையாட்டுகளில் காயப்படும் பிள்ளைகளுக்கென்று நியூ சவுத் வேல்ஸில் ஒரு துணைத் திட்டம் இருக்கிறது. அதையும் ஐகேர்தான் பார்க்கிறது. ஆனால் அது மரணத்துக்கும், கை, கால், கண் போன்ற உறுப்பின் நிரந்தர இழப்புக்கும் மட்டுமே. ஆறு கிழமையில் பொருந்திவிடுகிற எலும்பு முறிவு அதற்குள் வராது.

கவனக்குறைவை நிறுவுவது எவ்வளவு நீண்ட வேலை என்பதற்கு இந்த நாட்டின் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கிற வழக்கொன்றே சாட்சி. 1971இல் கன்பராவில் ஒரு பாடசாலை. பாடசாலை தொடங்குவதற்கு முந்திய நேரம், அதிபர் இறந்துவிட்ட செய்தியைச் சொல்ல ஆசிரியர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சுமார் 900 மாணவர்கள் நின்ற வளவில் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியர்தான் இருந்தார். மாணவர்கள் சிலர் கொடிக்கம்பக் கயிற்றில் தொங்கி விளையாட, உச்சியில் இருந்த உலோகப் பாகம் கழன்று 15 வயது மாணவன் ஒருவனின் தலையில் விழுந்தது. பிள்ளைகளின் பாதுகாப்புக் கடமையைப் பாடசாலையை நடத்தும் அரசு வேறு யார் தலையிலும் கட்டிவிட முடியாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்ன ஆண்டு 1982. பதினொரு வருடம்.

இந்தியாவில் இதைவிட நீண்டது ஒன்று உண்டு. 2006 டிசெம்பரில் பெங்களூரின் ஒரு பாடசாலையிலிருந்து வட இந்தியச் சுற்றுலா போன ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு வழியில் காய்ச்சல் கண்டது. அது மூளைக்காய்ச்சலாக முற்றியது. கூடப்போன ஆசிரியர்கள் வேளைக்கு வைத்தியரிடம் காட்டவில்லை. பதினான்கு வயதில் நடந்து போன பிள்ளை படுக்கையோடு திரும்பினாள். மாநில நுகர்வோர் ஆணையம் 88 இலட்சத்து 73 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. தேசிய ஆணையம் அதை 50 இலட்சமாகக் குறைத்தது. உச்ச நீதிமன்றம் 2021இல்தான் முழுத்தொகையை மீட்டுக் கொடுத்தது. நோய் கண்ட நாளிலிருந்து பதினான்கு வருடங்கள். அத்தனை வருட வைத்தியத்தை ஒரு குடும்பம் எதைக்கொண்டு நடத்தியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கனக்கிறது. யார் பிழை என்று கேட்காமல், காயம் பட்டதா, நோய் வந்ததா என்று மட்டும் பார்த்துப் பணம் தருகிற காப்புறுதி ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியாது.

தனியார் பாடசாலைகளும் கத்தோலிக்கப் பாடசாலைகளும் பல, மாணவர் விபத்துக் காப்புறுதியைத் தாங்களே எடுத்துக் கட்டணத்தோடு சேர்த்துவிடுகின்றன. அது நல்ல வழக்கம். ஆனால் மூத்த பிள்ளை படித்த காலத்துத் தகவலை வைத்து இளையவனை அனுப்பாதீர்கள். கத்தோலிக்கப் பாடசாலைகளுக்கு நெடுங்காலம் காப்புறுதி கொடுத்துவந்த கத்தோலிக் சேர்ச் இன்சூரன்ஸ் நிறுவனம் 2023இல் புதிய பொலிசி எழுதுவதை நிறுத்திவிட்டது. அதனிடம் எடுத்திருந்த பாடசாலைகள் வேறு நிறுவனங்களைத் தேடவேண்டியதாயிற்று. நிறுவனம் மாறினால் விதிகளும் மாறும். இந்த வருடத்துப் பத்திரத்தைத்தான் கேட்கவேண்டும்.

அந்த மாணவர் விபத்துக் காப்புறுதி இருந்தாலும் எல்லாச் செலவையும் அது தராது. இதற்குக் காரணம் நிறுவனங்களின் கஞ்சத்தனம் அல்ல, சட்டம். 1973ஆம் ஆண்டின் சுகாதாரக் காப்புறுதிச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி, மெடிகெயார் பணம் கொடுக்கிற வைத்திய சேவை எதற்கும் பொதுக் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்கக் கூடாது. மெடிகெயார் கொடுத்ததுபோக மிச்சம் நிற்கிற தொகையையும் அது கொடுக்கக் கூடாது.

இது நடைமுறையில் எப்படி வரும்? ஜிண்டபைனில் ஒரு பிள்ளை பனிச்சறுக்கில் விழுந்து மணிக்கட்டை முறித்து, முன்பல் ஒன்றையும் உடைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். அரச வைத்தியசாலையில் எலும்பை நேராக்கிக் கட்டுவது மெடிகெயாரில் போகும். சிட்னிக்கு வந்தபின் தனியார் எலும்பு நிபுணரிடம் போனால், அவர் கேட்கிற தொகைக்கும் மெடிகெயார் தருகிற தொகைக்கும் இடையிலான வித்தியாசம் உங்கள் கையிலிருந்துதான். விபத்துக் காப்புறுதி அதைத் தொட முடியாது. பல் வைத்தியம், பிசியோதெரபி, அம்புலன்ஸ், வாடகைக்கு எடுக்கிற ஊன்றுகோல் ஆகியவை மெடிகெயாருக்கு வெளியே இருப்பதால் அவற்றுக்கு மட்டும் பொலிசியில் எழுதிய எல்லைவரை கிடைக்கும். உடைந்த முன்பல் சின்ன விஷயம் அல்ல. வளர்கிற வயதில் தற்காலிகமாக ஒட்டுவார்கள். வளர்ந்து முடிந்தபின் நிரந்தர வேலை செய்வார்கள். இடையில் ஐந்தாறு வருடங்கள் ஓடிவிடும். பல பொலிசிகள் விபத்து நடந்து ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் வருகிற செலவையே ஏற்கும். அந்தக் காலம் எவ்வளவு என்று பார்த்துவையுங்கள்.

அம்புலன்ஸ் விஷயத்தில் நம்மவர்கள் பலர் இன்னும் ஏமாறுகிறார்கள். மெடிகெயார் அம்புலன்ஸுக்குப் பணம் தராது. நியூ சவுத் வேல்ஸ் வாசிகள் கட்டணத்தில் 51 சதவீதம் கட்டவேண்டும். மிச்சத்தை மாநில அரசு ஏற்கிறது. தூரத்துக்கும் சேர்த்துத்தான் கணக்கு. தனியார் வைத்தியசாலைக் காப்புறுதி வைத்திருப்பவர்களும் சலுகை அட்டைக்காரர்களும் கட்டவேண்டியதில்லை. பாடசாலையிலிருந்து அழைக்கும் அம்புலன்ஸின் செலவைச் சில பாடசாலைகள் ஏற்கின்றன. ஆனால் அது மாநில எல்லைக்கு வெளியேயும் பொருந்துமா என்று கேட்கவேண்டும். ஏனென்றால் கன்பரா வேறு ஆட்சிப்பகுதி. அங்கே அம்புலன்ஸ் ஏறினால் நியூ சவுத் வேல்ஸின் பாதிக்கட்டணச் சலுகை கூட வராது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வருடாவருடம் போவது அங்கேதான்.

வென்ட்வேர்த்வில்லைப் பொறுத்தவரை நான் அதிகம் கவலைப்படுவது மெடிகெயார் இல்லாத வீடுகளைப் பற்றி. 482 வேலை விசாவில் வந்தவர்களும், மேற்படிப்புக்கு வந்து பிள்ளைகளோடு இருப்பவர்களும் ஸ்டேஷன் தெருவைச் சுற்றியுள்ள அடுக்குமாடிகளில் நிறைய இருக்கிறார்கள். இந்தியாவோடும் இலங்கையோடும் அவுஸ்திரேலியாவுக்குப் பரஸ்பர சுகாதார ஒப்பந்தம் இல்லை. இவர்களுக்கு இருப்பது வெளிநாட்டு மாணவர் சுகாதாரக் காப்புறுதி, அல்லது வெளிநாட்டு வருகையாளர் காப்புறுதி. மெடிகெயார் இல்லாத ஒருவருக்கு அரச வைத்தியசாலையில் ஒரு இரவுக்கே ஆயிரம் டொலருக்கு மேல் வரும். விசா நிபந்தனைக்காக எடுத்த மிகக் குறைந்த பொலிசி எதையெதைத் தருகிறது, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் என்பதைக் காம்புக்கு முதல் பார்க்கவேண்டும். புதிதாக வந்து ஒரு வருடம் முடியாத குடும்பத்தில், இழுப்பு உள்ள பிள்ளை பனிமலைக்குப் போகிறது என்றால் அந்தக் காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டதா? குளிர்காற்றில்தான் இழுப்புக் கிளம்பும்.

இன்னொன்று. இந்தக் காப்புறுதிகள் அவுஸ்திரேலியாவுக்குள் மட்டும்தான் செல்லும். பிள்ளை பாடசாலைக் குழுவோடு நியூசிலாந்து போனால் அதோடு முடிந்தது.

பஸ் விபத்துத்தான் பெற்றோரை அதிகம் பயப்படுத்துகிறது. விசித்திரம் என்னவென்றால், பணவிஷயத்தில் ஓரளவு ஏற்பாடு உள்ளதும் அதற்குத்தான். நியூ சவுத் வேல்ஸ் வீதியில் நடக்கிற விபத்தில் காயப்படுபவருக்கு, யார் பிழை என்று பார்க்காமல் ஒரு காலம்வரை வைத்தியச் செலவு கொடுக்கும் சட்டம் 2017 டிசெம்பர் 1 முதல் இருக்கிறது. தண்டுவடம், மூளை போன்ற பாரிய காயம் அடைந்த பிள்ளைகளை வாழ்நாள் முழுதும் பராமரிக்கும் திட்டம் 2006 ஒக்ரோபரிலேயே தொடங்கிவிட்டது. விக்ரோரியாவில் போக்குவரத்து விபத்து ஆணைக்குழு அதே வேலையைச் செய்கிறது.

ஆனால் இவை உடம்புக்கு மட்டும். 2022 செப்ரெம்பர் 21 அதிகாலை, பலராட் நகரின் லொரேட்டோ கல்லூரி மாணவிகள் 27 பேரும் பெரியவர்கள் நால்வரும் மெல்பேர்ண் விமான நிலையத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் விண்வெளிக் காம்புக்குப் போகிற பயணம். பாக்கஸ் மார்ஷ் அருகே லொறியொன்று மோதி, பஸ் வீதியை விட்டுச் சரிவில் இறங்கியது. பலத்த காயங்கள், அப்படியிருந்தும் எல்லோரும் உயிர் தப்பினார்கள். இதுமாதிரி நடக்கும்போது காயத்தைப் போக்குவரத்து ஆணைக்குழு பார்த்துக்கொள்ளும். விமானச் சீட்டு, தங்குமிடம், காம்புக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பயணக் காப்புறுதிதான் பதில் சொல்லவேண்டும். விமானம் ஏறுவதற்கு முன்பு, வீட்டுக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் நடப்பது பொலிசிக்குள் வருகிறதா? இரத்துச் செலவுக்கான காப்பு, பொலிசி எடுத்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். பயணத்துக்கு முதல் கிழமை எடுப்பவர், முதல் தவணை கட்டிய நாளிலிருந்து அதுவரை வெறுங்கையோடு இருந்தார் என்று அர்த்தம்.

வெளிநாடு என்று வந்தால் மெடிகெயார் பதினொரு நாடுகளோடு மட்டும் ஒப்பந்தம் வைத்திருக்கிறது: நியூசிலாந்து, பிரித்தானியா, அயர்லாந்து, பெல்ஜியம், பின்லாந்து, இத்தாலி, மால்ட்டா, நெதர்லாந்து, நோர்வே, சுலோவேனியா, சுவீடன். ஜப்பான், அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா எதுவும் இதில் இல்லை. ஒப்பந்தம் உள்ள நாட்டிலும் அவசர வைத்தியம் மட்டும்தான். பிள்ளையைத் தாதியோடு விமானத்தில் படுக்கவைத்துச் சிட்னிக்குக் கொண்டுவருகிற செலவை எந்த ஒப்பந்தமும் தராது. நியூசிலாந்தில் விபத்துக் காயம் என்றால் அவர்களுடைய விபத்து நட்டஈட்டுத் திட்டம் வருகையாளருக்கும் வைத்தியம் பார்க்கும். குடல்வால் அழற்சி என்றால் அது விபத்து அல்ல.

ஆகவே வெளிநாட்டுப் பயணத்துக்குப் பாடசாலை ஒரு குழுப் பொலிசி எடுக்கும். அதன் முழுப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கச் சுருக்கம் போதாது. அதில் நம்மவர்கள் வழுக்கி விழுகிற இடங்கள் சில இருக்கின்றன. வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அவை பெரிதாகப் படாது.

முதலாவது, உறவினர் என்றால் யார் என்று பொலிசி சொல்கிற வரி. பயணத்துக்கு நான்கு நாள் முன்னால் அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இறந்துவிடுகிறார். குடும்பம் அங்கே போகிறது, பிள்ளையின் ஜப்பான் பயணம் நிற்கிறது. நெருங்கிய உறவினரின் மரணத்துக்காக இரத்துச் செய்தால் பணம் திரும்பும் என்று முன்பக்கத்தில் இருக்கும். சொல்விளக்கம் உள்ள பின்பக்கத்தைத் திருப்பினால், உறவினர் என்பவர் அவுஸ்திரேலியாவிலோ நியூசிலாந்திலோ வசிப்பவராக இருக்கவேண்டும் என்று பல பொலிசிகள் சொல்கின்றன. திருச்சியிலும் பருத்தித்துறையிலும் இருக்கிற தாத்தா பாட்டிமார் அந்தக் கணக்கில் இல்லை. இந்த நாட்டிலேயே இருந்தாலும், அவர்களுக்கு முன்பே இருந்த இருதய நோயால் நேர்ந்தது என்றால் தொகைக்கு ஒரு சிறிய எல்லை போட்டிருப்பார்கள். இந்த ஒரு வரிக்காக மட்டுமே ஒரு பொலிசியை விட்டு இன்னொன்றை எடுப்பது தகும்.

இரண்டாவது, விசா. வகுப்பில் இருக்கிற அவுஸ்திரேலியக் கடவுச்சீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு இணையத்தில் அனுமதி எடுத்துவிடுவார்கள். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுப் பிள்ளை தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் வாங்கி நிற்கவேண்டும். விசா கிடைக்காமல் பயணம் நின்றால் பொதுவாக எந்தப் பயணக் காப்புறுதியும் பணம் தருவதில்லை. இடைக்கால விசாவில் இருக்கிற பிள்ளைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ஏ வகை இடைக்கால விசாவோடு நாட்டைவிட்டு வெளியே போனால் அந்த விசா அங்கேயே முடிந்துவிடும். போவதற்கு முன் பி வகையைப் பெறவேண்டும். முற்பணம் கட்டுவதற்கு முன்பு இதைப் பாடசாலையோடு பேசுங்கள். ஆசிரியர்கள் பலருக்கு இது தெரியாது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

மூன்றாவது, முன்பே இருந்த நோய். இழுப்பு, நிலக்கடலை ஒவ்வாமை, வலிப்பு, நீரிழிவு எதுவானாலும் பாடசாலையின் வைத்தியப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கவேண்டாம். அந்தப் படிவம் ஆசிரியருக்கு. காப்புறுதி நிறுவனத்துக்குத் தனியே அறிவித்து, ஏற்றுக்கொண்டதை எழுத்தில் வாங்கவேண்டும். மனநலமும் இதில் அடங்கும். மெல்பேர்ண் தீர்ப்புக்குப் பிறகு எல்லா மனநோயையும் ஒரேயடியாக விலக்குகிற வரிகளைப் பல நிறுவனங்கள் எடுத்துவிட்டன. ஆனால் பொலிசி எடுக்கும்போதே இருந்த நிலையைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது. பிள்ளை ஆலோசகரிடம் போவதை வெளியே சொல்ல நம் வீடுகள் கூச்சப்படுகின்றன. சொல்லாததற்காக ஒரு பெரிய வைத்தியச் செலவு மறுக்கப்படக்கூடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பனிச்சறுக்கு, ஆழ்கடல் நீச்சல், மலையேற்றம் ஆகியவற்றுக்கு மேலதிகக் கட்டுப்பணம் கட்டவேண்டும் என்பது பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதது, செய்தி வந்தபின் எடுக்கிற பொலிசி அந்தச் செய்திக்கு உதவாது என்பது. 2020 ஜனவரி பிற்பகுதியிலேயே காப்புறுதி நிறுவனங்கள் கொரோனாவை அறியப்பட்ட நிகழ்வாக அறிவித்துவிட்டன. அதன்பின் எடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 2024 நவம்பரில் லெவோதோபி எரிமலைச் சாம்பலால் பாலி விமானங்கள் நின்றபோதும் அப்படித்தான். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு இலங்கைக்கான அவுஸ்திரேலியப் பயண எச்சரிக்கை நான்கு படிகளில் மூன்றாவதற்கு உயர்ந்தது. அந்தப் படியிலும் நான்காவது படியிலும் பல பொலிசிகள் செல்லாது. பயங்கரவாதத்தால் இரத்தானதற்குப் பணம் இல்லை என்ற வரியும் சாதாரணம். இந்த எச்சரிக்கைகளை அரசு வெளியிடும் ஸ்மார்ட்ராவலர் இணையத்தளத்தைப் பொலிசி எடுக்கும் நாளிலும், பயணம் போகும் நாளிலும் பார்க்கவேண்டும்.

பாடசாலை குழுப் பொலிசி எடுக்காமல் பெற்றோரையே எடுக்கச் சொல்கிற இடத்தில் பலர் வங்கி அட்டையோடு வருகிற இலவசக் காப்புறுதியை நம்புகிறார்கள். பெரும்பாலும் அது, அட்டைக்காரரோடு சேர்ந்து பயணம் செய்கிற பிள்ளைக்குத்தான். தாய் தகப்பன் இல்லாமல் ஆசிரியரோடு போகிற பிள்ளைக்கு அது இல்லை. வருடம் முழுவதற்கும் எடுக்கிற குடும்பப் பொலிசியிலும் இந்த நிபந்தனை ஒளிந்திருக்கும்.

பயண முகவர் விழுந்துபோனால் என்ன செய்வது? முன்பு இந்த நாட்டில் பயண முகவர் நட்டஈட்டு நிதியம் ஒன்று இருந்தது. முகவர் அனுமதிச் சட்டங்கள் 2014 நடுப்பகுதியில் நீக்கப்பட்டபோது அதுவும் முடிவுக்கு வந்தது. இப்போதுள்ள தரச்சான்று, பயண முகவர்களின் தொழில்துறைச் சங்கம் தருவது. பணத்துக்கு உத்தரவாதம் அல்ல. முகவரின் அல்லது விமான நிறுவனத்தின் வங்குரோத்தைப் பொலிசி ஏற்கிறதா என்று பாடசாலையைக் கேட்கிற உரிமை பெற்றோருக்கு இருக்கிறது. கடனட்டையில் கட்டினால், வராத சேவைக்குப் பணத்தை வங்கி மூலம் திரும்பக் கேட்கிற வழியாவது மிஞ்சும். ரொக்கமாகவோ வங்கிக் கணக்குக்கு நேராகவோ கட்டினால் அதுவும் இல்லை.

சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளும், நடன, சங்கீத ஆசிரியர்களும் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற பயணங்களை நாம் பயணமாகவே கணக்கெடுப்பதில்லை. மார்கழியில் சென்னைக்கு மாணவிகளோடு போகிற குழுக்கள் இங்கிருந்து வருடந்தோறும் போகின்றன. பொதுப் பொறுப்புக் காப்புறுதி இருந்தால் அது மண்டபத்துக்கும் வகுப்புக்கும்தான். சென்னையில் டெங்குவில் விழுந்த பிள்ளைக்கு அல்ல. ஆசிரியர் நல்லவர், பழகியவர், நம் பிள்ளையைத் தன் பிள்ளைபோலப் பார்ப்பவர் என்பது உண்மையாகவே இருக்கும். அதனால்தான் அவர் தலையில் தனியார் வைத்தியசாலைக் கணக்கு விழாமல் பார்க்கவேண்டும். போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பொலிசி இலக்கத்தை அவர் பயணத்துக்கு முன் கேட்டு வாங்கிவைத்தால் யாரும் கோபிக்கப்போவதில்லை.

பல்கலைக்கழக வயதுப் பிள்ளைகளின் சிக்கல் வேறு. 2014இல் தொடங்கிய நியூ கொழும்புத் திட்டத்தில் அவுஸ்திரேலிய மாணவர்கள் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் போய்ப் படிக்கிறார்கள். பல்கலைக்கழகம் அனுமதித்த பயணத்துக்கு அதன் பொலிசி இருக்கும். பயிற்சி முடிந்தபின் நண்பர்களோடு இரண்டு கிழமை கோவாவுக்கோ எல்லவுக்கோ போகிற நாட்களுக்கு அது நீளுமா என்பதை எழுத்தில் கேட்கவேண்டும். வாடகை மோட்டார்சைக்கிள் விஷயத்தில் பெரும்பாலான பொலிசிகள் ஒரே குரல்: அந்த வண்டிக்கான முறையான உரிமம் இல்லையென்றால் பணம் இல்லை. இந்தியாவில் ஒரு கல்லூரிச் சுற்றுலா எப்படி முடியலாம் என்பதை 2014 ஜூன் 8 காட்டியது. ஹைதராபாத் பொறியியல் கல்லூரி மாணவர்கள் 24 பேர் இமாசலத்தில் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்றபோது, லார்ஜி அணையிலிருந்து திறந்த நீர் வந்து அடித்துப்போனது. மின்சார வாரியமும் கல்லூரியும் அரசும் சேர்ந்து ஒவ்வொரு குடும்பத்துக்கும் 20 இலட்சம் ரூபாய் கொடுக்கவேண்டும் என்று இமாசல உயர் நீதிமன்றம் 2016இல் உத்தரவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் அந்த உத்தரவு வரும்வரை காத்திருந்தார்கள்.

பாடசாலைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தப் பயணத்தில் என் பிள்ளைக்கு, யார் பிழையும் இல்லாமல் காயம் பட்டால், எந்தப் பொலிசி, எவ்வளவு தொகைவரை, எக்சஸ் (கோரிக்கையில் நாமே ஏற்கவேண்டிய முதல் பங்கு) எவ்வளவு, அதை யார் கட்டுவது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லை என்று பதில் வந்தால் அதுவும் நல்ல பதில்தான். தனியே எடுக்க நேரம் இருக்கிறது. எடுத்தபின் பத்திரத்தைப் படித்துப் பார்த்து, பொருந்தாவிட்டால் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துக் கட்டிய பணத்தை வாங்கலாம். அது சட்டப்படியான உரிமை; பயணம் தொடங்கவோ கோரிக்கை வைக்கவோ செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கோரிக்கை மறுக்கப்பட்டால் முதல் மறுப்போடு விட்டுவிடாதீர்கள். நிறுவனத்துக்குள்ளேயே முறையீடு செய்யுங்கள். அவர்கள் 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். அதுவும் சரிவராவிட்டால் அவுஸ்திரேலிய நிதி முறைப்பாட்டு ஆணையம் இருக்கிறது. 2018 நவம்பரில் தொடங்கியது, கட்டணம் இல்லை, சட்டத்தரணி தேவையில்லை, அதன் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் நிறுவனமும் ஏற்றே ஆகவேண்டும். இலக்கம் 1800 931 678. ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்கள் 131 450க்கு அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டால் அவர்களே இணைத்துவிடுவார்கள்.